மைக்ரோமீட்டருக்கு நெற்றி எங்கே?

பானுப்ரியாவிடம் "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. சொன்னவர் உண்மையில் எப்போது வந்தார் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டே வருவாள். பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி தீர்ப்பு சொல்வாள்.

"உங்க அஞ்சு நிமிஷத்தோட சராசரி அரை மணி நேரங்க. அது பழகிப்போச்சு. சிதறல்தான் தாங்க முடியல. ஒரு நாள் பத்து நிமிஷத்துல வர்றீங்க, ஒரு நாள் ரசம் பாயசமா மாறினப்புறம் வர்றீங்க. சோத்தை எப்ப வடிக்கிறது?"

வாங்கிக் கட்டிக்கொள்பவர் அவள் கணவர் சரத்குமார். ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெண் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்திருக்கிறாள் என்று தரகர் சொன்னபோது சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். அது வீட்டுக்குள் இப்படி நடமாடும் என்று தரகர் சொல்லவில்லை.

ஸ்டாடிஸ்டிக்ஸை பானுப்ரியாவும் தேடிப் போகவில்லை. காலேஜில் அப்ளிகேஷன் வாங்கும் ஜன்னலில் இருந்தவர், "கணக்குல எடம் தீந்துபோச்சும்மா. ஸ்டாடிஸ்டிக்ஸ்ல இருக்கு, அதுலயும் கணக்குதான் வரும்" என்றார். லட்டு தீர்ந்த கடையில் பூந்தி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு அரியர். அது எஃப் பரவல் வந்த பேப்பர். மற்றவர்கள் அரியர் வைத்த பாடத்தை வழியில் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவார்கள். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்னை எதற்குக் கவிழ்த்தாய் என்று கேட்டாள். கேட்கக் கேட்க சிநேகமாகிவிட்டது. இன்றைக்கு அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர்களைவிட எஃப்பைத்தான் நன்றாகத் தெரியும்.

தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே மாறி, திருவெறும்பூர் போவாள். அங்கே பெரிய ஆலையை நம்பிப் பிழைக்கிற சின்னப் பட்டறைகள் நிறைய. அதில் ஒன்று மருதையுடையது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார், ஓய்வு பிடிக்கவில்லை, பட்டறை போட்டார். பானுப்ரியா அங்கே பில் போடத்தான் சேர்ந்தாள். பில்லைப் பாதியில் விட்டுவிட்டு அளக்கிற இடத்தில் போய் நிற்பதைப் பார்த்த மருதை, "அங்கயே இரும்மா, பில்லு தப்பு இல்லாமலாவது இருக்கும்" என்று சொல்லி, அவளைத் தரம் பார்க்கிற குவாலிட்டி ஆள் ஆக்கிவிட்டார்.

அங்கே செய்வது புஷ். கட்டை விரலில் மோதிரமாக மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஓர் இரும்பு வளையம். மன்சூர் உண்மையாகவே மாட்டிக்கொண்டு திரிவான். மன்சூர் ஒன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுபவன். பழைய டவுனில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் வீடு. இரண்டாம் நம்பர் மெஷின் பெலிண்டாவுடையது. பொன்மலைக்காரி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவரின் மகள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து கம்ப்யூட்டர் லேத். இரண்டு பேருமே கான்ட்ராக்ட். பெலிண்டாதான் பானுப்ரியாவுக்குச் சாப்பாட்டுத் துணை. ஒருத்தியின் புளிசாதமும் இன்னொருத்தியின் மீன் குழம்பும் ஒரே பெஞ்சில் திறக்கும். பானுப்ரியா மீனைத் தொட மாட்டாள். ஆனால் குழம்பு மூடியைத் திறந்ததும், "இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும் போல" என்று வாசனையிலேயே சொல்வாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

புஷ்ஷின் குறுக்களவை அளக்க இரண்டு மைக்ரோமீட்டர்கள். ஒன்றாம் மேசையில் இருப்பது புதுசு, டிஜிட்டல், குட்டித் திரையில் எண் வரும். இரண்டாம் மேசையில் இருப்பது பழசு, கோடு பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு மேசையின் கருவி இன்னொரு மேசைக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே பானுப்ரியாதான். ஒரு முறை மன்சூர் பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான், அதிலிருந்து.

ஒரு மழை நாளில் கரண்ட் போய் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யானை பிறந்தது.

"எப்பப் பாத்தாலும் எஃப்பு எஃப்புங்கிறீங்களே, அது யாரு அக்கா?" என்று மன்சூர் ஆரம்பித்தான்.

பானுப்ரியாவுக்கு அவ்வளவு போதும். அளந்து, ஒவ்வொன்றின் மேலும் அளவு எழுதி வைத்திருந்த ஒரு டப்பா புஷ்ஷை நடுவில் கவிழ்த்தாள்.

"ஆளுக்கு ஒரு கை அள்ளுங்க. ஒரே குவியல்தானே? அப்ப ரெண்டு கையிலயும் சிதறல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும். ஆனா அச்சா ஒண்ணா இருக்காது. அள்ளுற கை என்ன தராசா?"

சிதறலை எண்ணாக்குவது எப்படி என்றும் சொன்னாள். கையில் இருப்பதற்குச் சராசரி பார். ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அதை அதாலேயே பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகு.

"ஒண்ணு எதுக்குக்கா குறையுது?" என்றாள் பெலிண்டா.

"சராசரியை அந்தக் கையில இருந்துதானே எடுத்தோம்? அதுக்கு ஒரு ஆளைத் தட்சணையா விட்டாச்சுன்னு வெச்சுக்கோ."

இப்படி வருவதற்குப் பாடப் புத்தகத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று கூட்ஸ் வண்டி மாதிரி ஒரு பெயர் இருக்கிறது. பட்டறையில் வேரியன்ஸ். மன்சூர் கையின் வேரியன்ஸை பெலிண்டா கையின் வேரியன்ஸால் வகுத்தால் வருவதுதான் எஃப்.

அள்ளினார்கள், வகுத்தார்கள், கொட்டினார்கள், மறுபடி அள்ளினார்கள். வந்த ஒவ்வொரு விடைக்கும் அட்டையில் பானுப்ரியா ஒரு புள்ளி வைத்தாள். பெரும்பாலான புள்ளிகள் ஒன்றைச் சுற்றிக் குவிந்தன. ஒன்றரைக்குப் பக்கத்தில் அதைவிடக் குறைவு. இரண்டுக்கு அப்பால் இங்கே ஒன்று அங்கே ஒன்று. பூஜ்யத்துக்கு இடப் பக்கம் எதுவுமே இல்லை, ஏனென்றால் சிதறலுக்கு மைனஸ் கிடையாது. கை ஓய்ந்து பார்த்தபோது, இடப் பக்கம் குபுக்கென்று ஏறி, வலப் பக்கம் நீளமாகச் சரிந்து தரையோடு தரையாகப் போனது படம்.

"யானைக்கா! யானை படுத்துக்கிட்டுத் தும்பிக்கைய நீட்டியிருக்கு!" என்று கத்தினான் மன்சூர்.

பெலிண்டா உடனே ஒரு கண்ணும் ஒரு காதும் வரைந்துவிட்டாள். எஃப் பரவலுக்குக் காது முளைத்தது உலகத்திலேயே அங்கேதான் இருக்கும்.

"நல்லாப் பாத்துக்குங்க. ரெண்டு கையும் ஒரே குவியல்னா எஃப்பு யானை முதுகுமேல எங்கயாவதுதான் உக்காரும். தும்பிக்கை நுனிக்குப் போச்சுன்னா, இது ஒரே குவியல்தானான்னு சந்தேகப்படணும். நுனி எங்க ஆரம்பிக்குதுன்னு டேபிள்ல போட்டிருப்பான். ஆளுக்கு இருபத்தஞ்சு எடுத்து, பெரிய சிதறலை மேல வெச்சு வகுத்தா, ரெண்டே காலைத் தாண்டக் கூடாது."

"தாண்டினா கண்டிப்பா வேற குவியலா?"

"கண்டிப்பா இல்ல. ஒரே குவியல்ல இருந்து அள்ளினாலே இருபதுல ஒரு வாட்டி தாண்டிரும். அந்த அபாயத்தை ஒத்துக்கிட்டுத்தான் சந்தேகப்படுறோம்."

அன்றைக்கே ஒரு தடவை தாண்டியது. மன்சூர் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். அட்டை பானுப்ரியாவின் தலைக்கு மேலே சுவரில் ஏறியது. அதிலிருந்து பட்டறையில் எது சரியில்லை என்றாலும், "தும்பிக்கைக்குப் போயிருச்சு" என்பதுதான் பேச்சு. டீ, மழை, மருதையின் கோபம், எல்லாம்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் தட்டில் கொட்டினார்கள். மன்சூர் கலர்ப் பேப்பர் தோரணம் கட்டினான். பெலிண்டா சந்தனம் கரைத்துக் கொடுத்தாள். மருதை ஒவ்வொரு மெஷினாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தவர், டிஜிட்டல் மைக்ரோமீட்டரை மட்டும் பெட்டியோடு தன் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"அதுமேல ஒரு துளி சந்தனம் பட்டுச்சு, பூசணிக்காய்க்குப் பதிலா உங்களைத்தான் உடைப்பேன்."

ஆக, பொட்டு வைக்க இரண்டாம் மேசைப் பழசுதான் கிடைத்தது. சந்தன விரலோடு பானுப்ரியா அதன் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். பில் போட வந்த காலத்தில் முதன்முதலில் தொட்ட கருவி.

"அக்கா, மைக்ரோமீட்டருக்கு நெத்தி எங்க இருக்கு?" என்றான் மன்சூர்.

நியாயமான கேள்வி. லேத்துக்கு முகம் இருக்கிறது. ஸ்பேனருக்குத் தலை இருக்கிறது. இது வில்லு மாதிரி வளைந்து, ஒரு பக்கம் கைப்பிடி நீட்டிக்கொண்டு நிற்கிற சாமான்.

"இந்த வளைவு வயிறு" என்றாள் பானுப்ரியா. "இந்த உருளை கழுத்து. அப்ப கடைசியில இருக்கே குட்டித் திருகு, இதுதான் தலை."

தலைக்குத் தாராளமாகச் சந்தனம் வைத்தாள். நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. வைத்த பொட்டை அங்கே யாரும் துடைப்பதில்லை. லேத்தின் மேல் போன வருஷத்துப் பொட்டே இன்னும் இருக்கும். தானாகப் போனால் போகட்டும்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய வாரத்தில் மருதை மூவரையும் கூப்பிட்டார். பெரிய ஆர்டர் வருகிறது. ஓர் ஆளைப் பெர்மனெண்ட் ஆக்கப் போகிறார், ஒருவரைத்தான்.

"யாரு வேலை நெலையா இருக்கோ அவங்களுக்கு. ஏம்மா பானு, உன் யானைய வெச்சு இதைச் சொல்ல முடியுமா?"

"முடியும் சார்" என்றாள் பானுப்ரியா, பெருமையோடு. அதுவரை பட்டறையில் அளவு எல்லைக்குள் இருந்தால் டிக், தாண்டினால் கழிவு, அவ்வளவுதான். எஃப்பைக் கூப்பிட்டு ஒரு காரியம் கேட்டது இதுதான் முதல் தடவை.

அந்தப் பெருமை மத்தியானப் பெஞ்சில் பாதியாகக் கரைந்தது. பெலிண்டா டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதுக்கா. பெர்மனெண்ட் ஆனா இங்க இருப்பேன். இல்லன்னா கோயம்புத்தூர்ல அத்தை வீடு. அங்க ஒரு கம்பெனியில சொல்லி வெச்சிட்டாரு அப்பா."

"உனக்குத்தான் வரும், சாப்பிடு" என்றாள் பானுப்ரியா. அப்படி அவள் சொல்லியிருக்கக் கூடாது. அளக்கப் போகிறவள் அதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்கே தெரியும்.

மறுநாள் ஆளுக்கு இருபத்தைந்து புஷ். மன்சூரின் தட்டை ஒன்றாம் மேசையில் டிஜிட்டலால் அளந்தாள். பெலிண்டாவின் தட்டை இரண்டாம் மேசையில் பழசால் அளந்தாள். பக்கத்தில் கம்ப்ரஸர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. குட்டித் திருகு விரலுக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. விரல் என்னவோ சொல்ல வந்தது. எண்களை எழுதும் அவசரத்தில் அவள் கேட்கவில்லை.

சராசரி இருவருக்கும் ஒன்றுதான். மூச்சு விட்டாள். பிறகு சிதறலை எடுத்து வகுத்தாள். நாலரை.

மறுபடி வகுத்தாள். கால்குலேட்டரை மாற்றி வகுத்தாள். எந்தக் கால்குலேட்டரும் பெலிண்டாவுக்காக இரக்கப்படவில்லை. தலைக்கு மேலே யானை தும்பிக்கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. நாலரை அந்த நுனியிலும் இல்லை, அட்டைக்கு வெளியே சுவரில் இருந்தது.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தவள் பிசைந்துகொண்டே இருந்தாள். சரத்குமார் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார். அதை அவள் கவனிக்கக்கூட இல்லை என்றபோதுதான் அவருக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. கதையைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நாலரைய ஒண்ணரைன்னு எழுதிரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"யானைக்குத் தெரியும்."

"எந்த யானைக்கு?" என்று அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாவம், ஸ்ரீரங்கத்துக்காரர். வேறு எந்த யானை என்று நினைப்பார்?

காலையில் மருதையின் அறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது பெலிண்டாவைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். பெலிண்டா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சராசரி ஒண்ணா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றான் மன்சூர். ஜெயித்தவன் கேட்கிற கேள்வியா அது.

"ஒரு புஷ்ஷு பெருசு, ஒண்ணு சிறுசு. கூட்டி வகுத்தா சரியாத்தான் வரும். மாட்டுற எடத்துல ஒண்ணு ஆடும், ஒண்ணு நுழையாது" என்று மருதையே சொன்னார்.

"அக்கா." பெலிண்டாவின் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "அன்னைக்கு ஒரே டப்பாவுல அள்ளியும் ஒரு வாட்டி தும்பிக்கைக்குப் போச்சே. இதுவும் அப்படி இருக்கக் கூடாதா?"

இருக்கலாம். நாலரைக்கு அது ரொம்ப அபூர்வம். ஆனால் இருக்கவே முடியாது என்று எஃப் ஒருநாளும் சொன்னதில்லை. பானுப்ரியா மருதையைப் பார்த்தாள்.

"புதுசா இருபத்தஞ்சு எடுத்து இன்னொரு வாட்டி அளக்கலாம் சார்."

"கடைசி வாட்டி" என்றார் மருதை.

மத்தியானம் இரண்டு மேசையிலும் புதுத் தட்டுகள் வந்தன. அளக்க உட்காரும் முன் பானுப்ரியா முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது மன்சூர் இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று, கழிவுப் பஞ்சால் மிகவும் அக்கறையாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மன்சூர் தரையைத் துடைக்கிறான் என்றாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் அந்த நிலையில் இல்லை.

அளந்தாள். இரண்டாம் மேசையில் விரலுக்கு அதே இறுக்கம். கூட்டினாள், வகுத்தாள். நாலு.

"நாலு சார்" என்றாள். "மறுபடியும் ரெண்டாம் தட்டுதான் சிதறுது."

"சான்ஸே இல்லக்கா!" என்று மன்சூர் எகிறினான். "தப்பா அளந்திருக்கீங்க!"

"ரெண்டு வாட்டி வகுத்துட்டேண்டா."

"நீங்க இருபது வாட்டி வகுங்க. அது வரவே வராது!"

"ஏன் வராது?" என்றார் மருதை.

மன்சூர் வாயை மூடினான். ஆனால் அவன் வாய் அதிக நேரம் மூடி இருக்கிற வகை இல்லை.

"ஏன்னா ரெண்டாம் தட்டுல இருக்கிறது பெலிண்டா புஷ்ஷே இல்ல சார். என்னோடது. மாத்தி வெச்சுட்டேன்."

"லூசாடா நீ?" பெலிண்டா பஞ்சுருண்டையை எடுத்து அவன்மேல் வீசினாள். "யாரு உன்னைக் கேட்டா?"

"நீ கோயம்புத்தூர் போயிட்டா நான் யாரை வம்புக்கு இழுக்கிறது? இந்தக் கம்ப்ரஸரையா? எனக்குன்னா மாமா ஷார்ஜாவுல விசா பாத்துக்கிட்டே இருக்காரு. உனக்கு யாரு இருக்கா?"

"அறிவு இருக்காடா உனக்கு? கம்பெனியா, கண்ணாமூச்சி ஆடுற எடமா?" என்று மருதை ஆரம்பித்தார். நீளமாகப் போயிருக்கும். பானுப்ரியா கையைக் காட்டி நிறுத்தினாள். முதலாளியைக் கைகாட்டி நிறுத்தியது அவளுக்கே தெரியாது.

"சார், ஒரு நிமிஷம். மன்சூர், சத்தியமா மாத்தினியா?"

"அல்லா மேல ஆணையாக்கா."

அப்படியானால் நேற்று மன்சூரின் புஷ் ஒழுங்கு, இன்று மன்சூரின் புஷ் சிதறல். நேற்று பெலிண்டா சிதறல், இன்று பெலிண்டா ஒழுங்கு. தட்டுகள் இடம் மாறிவிட்டன, சிதறல் மாறவில்லை. அது தட்டோடு போகாமல் இரண்டாம் மேசையிலேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. எஃப் பொய் சொல்லவில்லை. இரண்டு குவியலும் வேறு வேறு என்றுதான் சொன்னது. எதனால் வேறு என்று அதை யாரும் கேட்கவில்லை. அது ஆளால்தான் என்று முடிவு செய்தவள் பானுப்ரியா.

"கம்ப்ரஸரை நிறுத்துங்க" என்றாள்.

பட்டறை திடீரென்று கோயில் பிராகாரம் மாதிரி அமைதியாகிவிட்டது. ஒரே ஒரு புஷ்ஷை எடுத்தாள். டிஜிட்டலால் அளந்தாள். திருகு கிட் கிட் என்றது. மறுபடி அளந்தாள், கிட் கிட், ஏறக்குறைய அதே எண். அதே புஷ்ஷைப் பழசில் வைத்தாள். திருகினாள். ஓர் எண். மறுபடி திருகினாள். வேறு எண். மறுபடி. இன்னொன்று. ஒரே புஷ் ஊதிச் சுருங்குவதுபோல எண்கள் ஆடின.

"அக்கா, அது ஏன் சத்தம் போடல?" என்றாள் பெலிண்டா.

அந்தக் குட்டித் திருகின் வேலையே அந்தச் சத்தம்தான். புஷ்ஷைப் போதுமான அளவு பிடித்ததும், இதற்குமேல் இறுக்காதே என்று கிட் கிட்டென வழுக்கும். யார் திருகினாலும், எந்த மூடில் திருகினாலும் பிடி ஒரே பிடி. அது வழுக்காவிட்டால் எல்லாம் விரலின் இஷ்டம். இறுக்கினால் அளவு குறையும், தளர்த்தினால் கூடும். ஒன்றையொன்று சமன்செய்து சராசரி நல்ல பிள்ளையாக நிற்கும், சிதறல் மட்டும் எகிறும்.

பானுப்ரியா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருகின் இடுக்கில் சந்தனம் இறங்கி, காய்ந்து, சிமெண்டாக இறுகியிருந்தது. நடுவில் குங்குமம் இன்னும் பளிச்சென்று இருந்தது.

பூஜை அன்று அந்த விரலில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று மூவருக்குமே தெரியும்.

"சார்" என்றாள். "ரெண்டாம் நம்பர் மெஷின்ல ஒண்ணும் இல்ல. பெலிண்டா மேலயும் இல்ல. என் விரல்ல இருந்து வந்தது. ரெண்டு பேரை ரெண்டு கருவியால அளந்துட்டு, வித்தியாசம் ஆளுதான்னு சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு கோயம்புத்தூருக்குப் பொட்டி கட்டியிருக்கும்."

மருதை மைக்ரோமீட்டரை வாங்கிப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். எதிரில் இருந்தது சாமி பொட்டு. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி, தொடைங்க" என்றார்.

யார் கையும் முன்னால் வரவில்லை. வைத்த பொட்டைத் துடைத்த பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

"குடுங்க இப்படி" என்று பெலிண்டா வாங்கிக்கொண்டாள். "நீங்க யாரும் தொட வேணாம். எங்க ஃபாதர்கிட்ட சொன்னாக்கூட இதுக்கெல்லாம் பாவக் கணக்கு கிடையாது."

மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்து நெடுநேரம் தேய்த்தாள். அவள் தேய்க்கும்போது பானுப்ரியா பக்கத்திலேயே நின்றாள். சாரி என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், "உப்பு தூக்கலா இருந்தாலும் உன் குழம்பு நல்லாத்தான் இருக்கும்டி" என்றாள்.

"நீங்க சாப்பிட்டதே இல்லையேக்கா."

"வாசனையைச் சொல்றேன்."

பெலிண்டா சிரித்தாள். திருகைச் சுற்றினாள். கிட். கிட் கிட்.

மூன்றாவது தடவை இரண்டு தட்டுகளையும் ஒரே மேசையில், அந்தப் பழசாலேயே அளந்தாள். மருதை டிஜிட்டலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பானுப்ரியா கேட்கவில்லை. பழசுக்கு இழைத்த அநியாயத்துக்கும் ஈடு செய்ய வேண்டுமே. தட்டுகளுக்குப் பக்கத்தில் மன்சூர் வராமல் இருக்க, அவனை நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் பொரி டப்பாவைக் கொடுத்திருந்தார்கள்.

ஒன்று புள்ளி மூன்று. யானையின் முதுகு.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சொல்லுது" என்றார் மருதை.

"ஒண்ணுன்னு சொல்லல சார். வேறன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்லைங்குது."

"ஏம்மா, யாருக்குக் குடுக்கிறதுன்னு கேட்டா, யாருக்கும் வித்தியாசம் தெரியலைங்கிற. இதுக்கா இத்தனை நாளு யானை வளக்குற?"

"யானை அவ்வளவுதான் சார் சொல்லும். மிச்சம் நீங்கதான் சொல்லணும்."

மருதை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்சூர் பொரியை மென்றுகொண்டே, "சார், பெலிண்டா எனக்கு முன்னாடி சேந்ததுங்க" என்றான்.

"உன்னைக் கேட்டனா?" என்றார் மருதை. ஆனால் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முதலில் சேர்ந்தவளுக்கு முதலில். தட்டை மாற்றியதற்கு மன்சூருக்கு ஒரு வாரம் பட்டறையைக் கூட்டும் தண்டனை. துடைப்பத்தோடு அவன் பெலிண்டாவின் காலடியிலேயே கூட்டி, அவளை நாள் முழுக்கக் குதிக்க வைத்தான். அவன் கான்ட்ராக்டையும் மருதை நீட்டிவிட்டார். ஷார்ஜா விசா இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அதன் சராசரியையும் சிதறலையும் பானுப்ரியா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மேசைக் கருவி இன்னொரு மேசைக்குப் போகக் கூடாது என்ற சட்டத்தை அவளே எடுத்துவிட்டாள். இப்போது அளக்கிற நாளில் ஒரே கருவிதான். அளக்கும் முன் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, காதோரம் வைத்து ஒரு கிட் கேட்டுக்கொள்வாள். புதிதாக வருகிறவர்கள் அக்கா யாருக்கோ போன் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த ஆயுத பூஜையிலும் பெலிண்டாதான் சந்தனம் கரைத்தாள். பானுப்ரியா விரலில் தொட்டுக்கொண்டு மைக்ரோமீட்டர் முன்னால் வந்து நின்றாள். மருதை தூரத்திலிருந்தே இருமினார்.

"அக்கா, நெத்தி எங்கன்னு இந்த வருஷமாவது முடிவாச்சா?" என்றான் மன்சூர்.

பானுப்ரியா விரலை அப்படியே தூக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். நாற்காலியில் ஏறி, சுவரில் இருந்த அட்டை யானைக்கு, பெலிண்டா வரைந்த கண்ணுக்குச் சற்று மேலே, ஒன்றரை என்ற இடத்துக்குச் சற்று முன்னால், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம்.

கீழே பெலிண்டா மைக்ரோமீட்டரைத் தூக்கிப் பிடித்து, மணி அடிப்பதுபோலத் திருகைச் சுற்றினாள்.

கிட் கிட் கிட்.